போகாத யாத்திரைக்குக் கொடுத்த பணம்

2020ஆம் ஆண்டு பங்குனி முதல் ஆனி வரை தீர்த்த யாத்திரை புறப்படுவதாக இருந்து, ஊரடங்கினால் வீட்டோடு தங்கிவிட்ட அன்பர்கள் பலர் இப்பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்கின்றனர். 2020 மார்ச் 20 அன்று திருமலையில் தரிசனம் நிறுத்தப்பட்டது. 22ஆம் தேதி பயணிகள் ரயில்கள் நின்றன. 25ஆம் தேதி விமானங்களும் தரையிறங்கின. ஏப்ரல் 29 அன்று கேதார்நாத் நடை திறந்தபோது சந்நிதியில் யாத்திரிகர் எவரும் இல்லை. மதுரை மீனாட்சி திருக்கல்யாணத்தை மே 4 அன்று நாம் அனைவரும் தொலைக்காட்சியில்தான் சேவித்தோம். அமர்நாத் யாத்திரையும் கைலாஸ மானசரோவர் யாத்திரையும் அவ்வாண்டு நடைபெறவேயில்லை.

இவ்வளவும் தெரிந்ததே. கடிதம் எழுதியவர்களின் வருத்தம் வேறு. “போக முடியாமற் போனது தெய்வ சங்கல்பம், அதை ஏற்றுக்கொண்டோம். ஆனால் கட்டிய பணம் எங்கே?” என்று ஓர் அம்மையார் தஞ்சை மாவட்டத்திலிருந்து எழுதியிருக்கிறார். அவருடைய கேள்வியில் ஒரு தயக்கமும் தொனிக்கிறது. க்ஷேத்திராடனத்திற்கென்று எடுத்து வைத்த பணத்தைத் திரும்பக் கேட்பது பாவமாகுமோ என்று அஞ்சுகிறார். இதே அச்சம் வேறு நான்கைந்து கடிதங்களிலும் இருக்கிறது. ஆகவே அதை முதலில் தீர்த்துவிடுகிறேன். ரயில்வேக்கோ விமான நிறுவனத்துக்கோ யாத்திரை அமைப்பாளருக்கோ நாம் கொடுத்தது காணிக்கை அன்று. ஒரு சேவைக்கான விலை. சேவை நடைபெறாவிட்டால் விலை திரும்ப வேண்டும். அந்தத் தொகையைச் சுவாமிக்கே சேர்ப்பிக்க வேண்டுமென்று ஒருவர் நினைத்தால், முதலில் தம் கைக்கு வாங்கி, பிறகு தம் கையாலேயே உண்டியலில் இடலாம். அமைப்பாளரின் கணக்கில் முடங்கிக் கிடக்கும் பணம் எந்த சந்நிதிக்கும் போய்ச் சேராது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 56ஆம் பிரிவும் 65ஆம் பிரிவும் இருக்கின்றன. வங்கித் தேர்வுகளுக்காக இரவில் கண்விழித்துப் படித்த காலத்தில் மனப்பாடமான பிரிவுகள் இவை; பணியில் இருந்த நாள்களில் பயன்பட்டதைவிட ஓய்வு பெற்ற பின்தான் அதிகம் பயன்படுகின்றன. ஒப்பந்தம் செய்துகொண்ட பின் அந்தக் காரியம் செய்ய இயலாததாகவோ சட்டவிரோதமானதாகவோ ஆகிவிட்டால், அவ்வொப்பந்தம் செல்லாததாகிறது என்பது 56. அவ்வாறு செல்லாததாகிவிட்ட ஒப்பந்தத்தின் கீழ் ஒருவர் ஏதேனும் ஆதாயம் பெற்றிருந்தால் அதைத் திருப்பித் தரவோ ஈடு செய்யவோ கடமைப்பட்டவர் என்பது 65. இதற்குச் சட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு தரப்பட்டுள்ளது. ஒருவர் கச்சேரி செய்ய ஒப்புக்கொண்டு ஆயிரம் ரூபாயை முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறார். உடல்நலம் குன்றி அவரால் பாட முடியவில்லை. கச்சேரி நடந்திருந்தால் சபாக்காரருக்குக் கிடைத்திருக்கக்கூடிய லாபத்தை அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. ஆனால் வாங்கிய ஆயிரத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். நோயுற்றது பாடகரின் குற்றமன்று; எனினும் பணம் அவருடையதும் அன்று. மார்கழிக் கச்சேரிகளை அறிந்த நமக்கு இதைவிட நன்றாக விளங்கும் உதாரணம் கிடைக்காது.

இவ்விஷயத்தில் இங்கிலாந்தைவிட நம் நாட்டுச் சட்டம் முன்னே நின்றது என்பதையும் சொல்ல வேண்டும். ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு ஊர்வலம் 1902 ஜூன் 26, 27 தேதிகளில் லண்டனில் நடப்பதாக இருந்தது. அதைப் பார்ப்பதற்காக ஹென்றி என்பவர் பால் மால் வீதியில் ஓர் இல்லத்தின் அறைகளை அவ்விரு நாளுக்கும் 75 பவுண்டுக்குப் பேசி, 25 பவுண்டு முன்பணம் கொடுத்தார். மன்னர் நோயுற்றதால் ஊர்வலம் ஒத்திவைக்கப்பட்டது. மிச்சம் 50 பவுண்டைக் கொடுக்க வேண்டியதில்லை என்று மறு ஆண்டு தீர்ப்பாயிற்று. கொடுத்துவிட்ட 25 பவுண்டைத் திரும்பப் பெறும் கோரிக்கையையோ அவர் மேல்முறையீட்டில் கைவிட்டுவிட்டார். நஷ்டம் எவர் தலையில் விழுந்ததோ அவரோடு அது கிடக்கட்டும் என்பதே அக்காலத்து ஆங்கிலேய நீதிமன்றங்களின் போக்கு. அதை மாற்ற அவர்களுக்கு 1940கள் வரை ஆயிற்று. நமக்கோ 1872லேயே விடை எழுதப்பட்டிருந்தது.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரயிலும் விமானமும் ஓடிக்கொண்டிருந்த நாளில், தொற்றுக்கு அஞ்சி நாமாகவே பயணத்தை ரத்து செய்திருந்தால், அது நம் விருப்பத்தால் நேர்ந்த ரத்து. ரசீதில் கண்ட ரத்துக் கட்டணம் அதற்குப் பொருந்தும். சேவை தருபவரே நிறுத்தியிருந்தாலோ, அரசாணையால் நடக்க முடியாமற் போயிருந்தாலோ நிலைமை வேறு. கடிதம் எழுதிய இருவர் மார்ச் 15 வாக்கில் தாங்களாகவே விலகிக்கொண்டதாகக் குறிப்பிட்டிருக்கின்றனர். அவர்கள் முழுத்தொகையை எதிர்பார்க்க இடமில்லை என்பதை வருத்தத்தோடு தெரிவிக்கிறேன்.

இனி ரயில். இணையத்தில் பதிவு செய்தவர்களுக்குப் பெரும்பாலும் தொல்லை இல்லை. ரயில் ரத்தானவுடன் எந்தக் கணக்கிலிருந்து பணம் போயிற்றோ அதே கணக்குக்கு முழுக் கட்டணமும் திரும்பியிருக்கும். இணைய வசதிக் கட்டணம் என்ற சிறு தொகை மட்டும் திரும்பாது. நிலையக் கவுன்டரில் காகிதச் சீட்டு வாங்கியவர்கள்தான் கவனிக்க வேண்டியிருந்தது. வழக்கமாகச் சில நாள்களே இருந்த கெடு மூன்று மாதமாகவும் பின் ஆறு மாதமாகவும் நீட்டிக்கப்பட்டது. 2021 ஜனவரி 7 அன்று அதை ஒன்பது மாதமாக்கி ரயில்வே அமைச்சகம் அறிவித்தது. 2020 மார்ச் 21 முதல் ஜூலை 31 வரையிலான பயணத் தேதிகளுக்கு இது பொருந்தியது. ஒன்பது மாதம் என்பது பயணத் தேதியிலிருந்து எண்ணப்பட்டது. ஏப்ரல் கடைசி வாரத்துப் பயணச்சீட்டுக்கு 2021 ஜனவரி கடைசி வாரத்தோடு கெடு முடிந்தது. மே 20 பயணமானால் பிப்ரவரி 20 வரை. பூஜை அலமாரியில் சுவாமி படத்துக்குப் பின்னால் பயணச்சீட்டைப் பத்திரப்படுத்தும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அங்கே மறந்துபோன சீட்டுக்கு இப்போது கெடு கடந்துவிட்டது.

விமானப் பயணச்சீட்டு சற்றுச் சிக்கலானது. 2020 ஏப்ரல் 16 அன்று மத்திய அரசு ஒரு குறிப்பாணை வெளியிட்டது. ஊரடங்குக் காலத்திலேயே பதிவு செய்து, ஊரடங்குக் காலத்திலேயே பயணம் செய்ய இருந்தவர்களுக்கு முழுத்தொகையும் மூன்று வாரத்துக்குள் திருப்ப வேண்டும் என்றது அது. ஊரடங்கு அறிவித்த பின் யார் விமானச்சீட்டு வாங்கினார்கள்? நம்மைப் போன்றோர் தையிலும் மாசியிலும் பதிவு செய்துவிட்டுச் சித்திரைக்குக் காத்திருப்பவர்கள். அக்குறிப்பாணை நமக்கு வாயிலை அடைத்தே வைத்தது. நிறுவனங்கள் பணத்துக்குப் பதில் ‘கிரெடிட் ஷெல்’ என்ற பெயரில் தங்களிடமே ஒரு வரவை எழுதிக்கொண்டன. பொதுநல அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றத்தை அணுக, நீதிபதி அசோக் பூஷண் தலைமையிலான அமர்வு அக்டோபர் 1 அன்று தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பின்படி, ஊரடங்குக்கு முன்பே பதிவு செய்து, மே 24 வரையிலான நாள்களில் பயணிக்க இருந்தோருக்கு விமான நிறுவனம் 15 நாளுக்குள் பணத்தைத் திருப்ப முயல வேண்டியிருந்தது. நிதி நெருக்கடியால் இயலாதென்றால், வசூலித்த கட்டணத்துக்குச் சமமான கிரெடிட் ஷெல்லைப் பயணியின் பெயரில் தர இடம் இருந்தது. 2021 மார்ச் 31க்குள் அதை எந்த மார்க்கத்துக்கும் பயன்படுத்த முடிந்தது. வேறொருவருக்கு மாற்றியும் கொடுக்க முடிந்தது. பயன்படுத்தாமலே நாள் கடந்தால் பணமாகத் தர வேண்டும். முகவர் மூலம் வாங்கியிருந்தால் பணம் அவர் வழியாகவே வரும்.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. பழைய தொழில் புத்தி, சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரத்தான நாள் முதல் ஜூன் 30 வரை மாதத்துக்கு, அல்லது மாதத்தின் பகுதிக்கு, அரை சதவீதமும், அதன் பின் மார்ச் 31 வரை மாதத்துக்கு முக்கால் சதவீதமும் அந்த வரவின் மதிப்பு உயர வேண்டியிருந்தது. இருவருக்கு 12,000 ரூபாய் கொடுத்து ஏப்ரல் முதல் வாரத்தில் பயணம் ரத்தாகியிருந்தால், முதல் மூன்று மாதத்துக்கு ஒன்றரை சதவீதம். பின்னர் மார்ச் முடிய ஒன்பது மாதத்துக்கு ஆறே முக்கால். ஆக எட்டே கால் சதவீதம். 12,000 ரூபாய் 12,990 ஆகிறது. வங்கி வைப்பு வட்டி ஐந்து சதவீதத்தை ஒட்டி இறங்கிக் கிடந்த நாளில் இது குறைந்த ஆதாயமன்று. ஆனால் பயணச்சீட்டு வாங்கினால்தான் இந்த உயர்வுக்குப் பொருள் இருந்தது. எழுபது வயதைக் கடந்தவர்கள் அந்தத் தொற்றுக் காலத்தில் சதவீதத்துக்காக விமானம் ஏறுவதை நான் சிபாரிசு செய்யவில்லை. பிள்ளைகளுக்குப் பயன்பட்டிருந்தால் அவர்கள் பெயருக்கு மாற்றிக் கொடுத்திருக்கலாம். இல்லையேல், 2021 மார்ச் 31 முடிந்ததும் பணம் வந்திருக்க வேண்டும்.

ரயில்வேயும் விமான நிறுவனமும் பெரிய இடங்கள். விதி என்று ஒன்று இருந்துவிட்டால் இன்றில்லாவிட்டால் நாளை பணம் வந்துவிடும். உண்மையான சங்கடம், நம் ஊரிலேயே, நம் கோயில் வீதியிலேயே, ‘காசி–கயா–பிரயாகை 12 நாள், தென்னிந்திய உணவு’ என்று துண்டுப் பிரசுரம் அடித்து நம்மை அழைத்துச் செல்லும் சிறு அமைப்பாளரிடம்தான். நாள்தோறும் சந்நிதியில் முகம் பார்க்கிறவர். அவரிடம் எப்படிக் கேட்பது?

எங்கள் பகுதியில் இப்படியொரு விவகாரம் 2020 கார்த்திகையில் என்னிடம் வந்தது. 32 பேர், தலைக்கு 19,000 ரூபாய், மாசி மாதமே முழுவதும் கட்டியாயிற்று. ஏப்ரல் இரண்டாம் வாரம் புறப்பாடு. அமைப்பாளர் இருபது வருடமாக இத்தொழில் செய்பவர். நாணயமானவர் என்று பெயர் எடுத்தவர். “பணம் எங்கும் போகவில்லை, நிலைமை சீரானதும் எல்லோரையும் அழைத்துப் போகிறேன்” என்று அவர் எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்தொன்பது பேர் காத்திருக்கச் சம்மதித்தனர். பதின்மூன்று பேருக்குப் பணம் வேண்டும். அவர்களில் ஒருவர் எழுபத்தெட்டு வயது மாமி. கணவருக்குக் கயையில் சிராத்தம் செய்விக்க வேண்டுமென்று குடும்ப ஓய்வூதியத்தில் மூன்று வருடமாகச் சேர்த்த பணம் அது. இனித் தம்மால் பயணம் முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், மகன் போய்ச் செய்யட்டும், அவனிடம் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்றார்.

நான் அமைப்பாளரை உட்கார வைத்து, “எவ்வளவு பாக்கி என்பதை அப்புறம் பார்ப்போம். அந்த 19,000 என்னென்னவாகப் போயிற்று என்று முதலில் எழுதுங்கள்” என்றேன். கடன் கேட்டு வருபவரிடம் வங்கியில் நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான். தலைக்கு ரயில் கட்டணம் 4,100. தங்குமிடம் 3,600. பேருந்து 2,700. சமையல், மளிகை 4,200. வாத்தியார் தட்சிணை, தீர்த்தக் காரியங்களுக்கு 1,900. அவருடைய ஊதியம் 2,500. ரயில் கட்டணம் முழுவதும் மே மாதமே அவர் கணக்குக்குத் திரும்பியிருந்தது. தங்குமிடங்களுக்கு அவர் அனுப்பிய முன்பணம் தலைக்கு 1,800. அதில் காசிச் சத்திரம் 1,100ஐத் திருப்பி அனுப்பிவிட்டது. பிரயாகை விடுதி 700ஐ அடுத்த முறைக்கு என்று நிறுத்திக்கொண்டது. பேருந்துக்காரரிடம் கொடுத்த 1,000 வராது என்பது உறுதியாயிற்று. மளிகையும் தட்சிணையும் ஊதியமும் செலவாகவே இல்லை.

காகிதத்தில் பார்த்தபோது விஷயம் தெளிந்தது. வெளியே சிக்கிய பணம் தலைக்கு 1,700 மட்டுமே. மிச்சம் 17,300 அவரிடம் இருந்திருக்க வேண்டும், இல்லை. எட்டு மாதம் வருமானமின்றி, சமையற்காரர் இருவருக்கும் பாதிச் சம்பளம் கொடுத்து, மகள் கல்லூரிக் கட்டணமும் கட்டியிருக்கிறார். அவர் கண் கலங்கியதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள், போகட்டும், பாதி தந்தால் போதும் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நான் குறுக்கிட வேண்டியதாயிற்று. இரக்கத்தால் தம் பங்கை விட்டுக்கொடுக்க அவரவருக்கு உரிமை உண்டு. அடுத்தவர் பங்கை விட்டுக்கொடுக்க எவருக்கும் உரிமை இல்லை.

முடிவானது இதுதான். ரயில்வேயும் சத்திரமும் திருப்பிய 5,200 உடனே தரப்பட வேண்டும்; அது எந்த வாதத்துக்கும் இடமில்லாமல் யாத்திரிகர் பணம். பதின்மூன்று பேருக்கு 67,600 ரூபாய். மனைவியின் நகையை அடகு வைத்து இரண்டு வாரத்தில் கொடுத்தார். மிச்சம் தலைக்கு 12,100ஐ மாதத் தவணையாக ஆனிக்குள் தீர்க்க வேண்டும். வயது முதிர்ந்தோருக்கும் வேலை இழந்த வீட்டாருக்கும் முதலில். வெளியே சிக்கிய 1,700ஐ ஒன்பது பேர் தாமாகவே விட்டுக்கொடுத்து எழுதித் தந்தனர். மாமி கொடுக்கவில்லை. “இது அவரோட காரியத்துக்கு வெச்ச பணம். ஒரு ரூபாய் குறைஞ்சாலும் எனக்கு மனசு ஆறாது” என்றார். சிலருக்கு முகம் சுருங்கியது. என் அபிப்பிராயத்தில் அவர் கேட்டதில் பிழையே இல்லை. பேருந்துக்காரரைத் தேர்ந்தெடுத்ததும் முன்பணம் கொடுத்ததும் அமைப்பாளர். அந்த வழக்கை அவர்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். மாமிக்கும் மற்ற மூவருக்கும் முழுத்தொகையும் தவணையில் சேர்க்கப்பட்டது. இதுவரை இரண்டு தவணை தவறாமல் வந்திருக்கிறது.

தவணைக்கு அவர் முன்தேதியிட்ட காசோலைகள் கொடுத்தார். இப்படி வாங்குவோர் கவனிக்க: காசோலையில் கண்ட தேதியிலிருந்து மூன்று மாதமே அது செல்லும். பணமில்லாமல் திரும்பினால் 30 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அலமாரியில் வைத்து மறந்துவிட்டால் அது வெறும் காகிதம்.

காத்திருக்கச் சம்மதித்த பத்தொன்பது பேரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் நிலைதான் எனக்கு அதிகக் கவலை அளித்தது. அவர்கள் கையில் மாசி மாதத்து ரசீதைத் தவிர வேறு எதுவும் இல்லை. அவர்களில் ஒருவர் ஐப்பசியில் காலமாகிவிட்டார். அவர் மகன் வந்து கேட்டபோது, அப்பா வாய்மொழியாக என்ன பேசினார் என்பது யாருக்கும் தெரியவில்லை. சேமிப்புக் கணக்குக்கு நியமனதாரர் பெயர் கேட்டு வற்புறுத்துகிற நாம், 19,000 ரூபாயை வாய்ச் சொல்லில் விட்டு வைக்கிறோம். எனவே பத்தொன்பது பேருக்கும் ஒரு பக்கக் கடிதம் எழுதி வாங்கினோம். எவ்வளவு தொகை வரவாக இருக்கிறது, எந்தத் தேதிக்குள் யாத்திரை நடைபெற வேண்டும், நடைபெறாவிட்டால் எப்போது பணம் திரும்பும், கட்டணம் ஏறினால் வித்தியாசம் யாருடையது, யாத்திரிகர் போக முடியாமற் போனால் அல்லது இறந்துவிட்டால் இடமோ பணமோ யாரைச் சேரும் என்ற விவரங்களோடு கையெழுத்தும் தேதியும். நேரில் தினம் பார்க்கிறவரிடம் எழுதி வாங்குவது மரியாதைக் குறைவு என்று இருவர் சொன்னார்கள். கையெழுத்துப் போட்ட அமைப்பாளர் அப்படிச் சொல்லவில்லை.

எழுதி வாங்குவதில் இன்னொரு பயனும் உண்டு. பணம் கோரி உரிமையியல் வழக்குத் தொடரப் பொதுவாக மூன்று ஆண்டே காலவரம்பு. அவ்வரம்புக்குள், “இவ்வளவு தர வேண்டியுள்ளது” என்று கடன்பட்டவர் எழுத்தில் ஒப்பிக் கையெழுத்திட்டால், அன்று முதல் காலக்கணக்கு புதிதாகத் தொடங்கும். வங்கிகள் கடன்காரரிடம் அவ்வப்போது ஒப்புகைக் கடிதம் வாங்குவது இதற்காகத்தான்.

இனிய முறையில் கேட்டும் மறுப்பவர்களை என்ன செய்வது? முதலில் தொகை, தேதி, ரசீது எண், ரத்தான காரணம் ஆகியவற்றைக் குறித்து ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1800-11-4000இல் தெரிவிக்கலாம். அதற்கும் அசையாதவர்கள் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மூத்த குடிமக்களுக்கு ஒரு பெரிய சௌகரியம் செய்திருக்கிறது: அமைப்பாளர் டில்லியில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். தொற்றை முன்னிட்டு, 2020 மார்ச் 15 முதல் காலவரம்புகளை உச்ச நீதிமன்றம் நீட்டித்து வைத்திருந்தது என்றாலும் இப்போது அந்த நீட்டிப்பு இல்லை. ‘எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று ரசீதின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்டு மனம் தளரவும் வேண்டாம். அச்சிட்டதெல்லாம் சட்டமாகிவிடாது, இத்தகைய நியாயமற்ற நிபந்தனைகளைக் கேள்வி கேட்கவும் புதிய சட்டம் இடம் தருகிறது.

கடன் அட்டையில் கட்டியவர்களுக்கு வேறொரு வழி உண்டு. சேவை கிடைக்கவில்லை என்று அட்டை வழங்கிய வங்கியிடமே தகராறு எழுப்பலாம். அதற்குக் கெடு குறைவு. சேவை நடந்திருக்க வேண்டிய நாளிலிருந்து பொதுவாக 120 நாள். சித்திரைப் பயணங்களுக்கு அது எப்போதோ கடந்துவிட்டது. இனி வருகிற பயணங்களுக்காக நினைவில் வைக்கலாம்.

பணம் வந்துவிட்டதாக நிறுவனம் சொல்கிறது, கணக்கில் இல்லை என்று மூன்று கடிதங்கள். 2020 ஏப்ரல் 1 அன்று பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காக இணைந்தன. இணைந்த வங்கிகளின் கிளைகளுக்கு ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறியது. கணக்கு முடிக்கப்பட்டிருந்தாலும், எண் தவறியிருந்தாலும், அனுப்பிய தொகை அனுப்பியவருக்கே திரும்பிவிடும். அவர் நமக்குச் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. பணப் பரிமாற்றத்தின் யு.டி.ஆர். எண்ணை அந்நிறுவனத்திடம் கேட்டு வாங்கி, தங்கள் கிளையில் கொடுங்கள். அந்த எண்ணை வைத்து வந்ததா இல்லையா என்று ஊழியர் சில நிமிடங்களில் சொல்லிவிட முடியும்.

கடைசியாக, மதுரையிலிருந்து எழுதிய ஓர் அன்பருக்கு. விமானப் பணத்தைத் திருப்புவதாகத் தொலைபேசியில் ஒருவர் பேசினார், கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டார், சொல்லலாமா என்று வினவியிருக்கிறார். சொல்லவே கூடாது. இணையத்தில் தேடினால் கிடைக்கும் ‘வாடிக்கையாளர் சேவை’ எண்களில் மோசடிக்காரர்கள் இட்டவையும் கலந்திருக்கின்றன. பயணச்சீட்டிலோ நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலோ கண்ட எண்ணை மட்டும் அழையுங்கள். பணம் பெறுவதற்கு ஓ.டி.பி. தேவையில்லை, யு.பி.ஐ. ரகசிய எண்ணும் தேவையில்லை. அவை பணம் கொடுப்பதற்கு மட்டுமே. தாங்கள் எண்ணைச் சொல்வதற்கு முன் கடிதம் எழுதியது நல்லதாயிற்று. அவர் மீண்டும் அழைத்தால் பேச்சைத் துண்டித்துவிட்டு, அழைப்பு வந்த எண்ணைக் குறித்துக்கொண்டு வங்கிக் கிளை மேலாளரிடம் கொடுங்கள்.